சிங்கப்பூர் வழியாக எதிர்மலைக்கு

"ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று தங்கள் வீட்டுக் காம்பரா அறைக்குள் இருந்த மடிக்கணினியிடம் சொன்னாள் வினோதா. சொல்லிவிட்டு விழுந்தடித்து ஓடி, வாசலில் ஸ்டூல் மேல் வைத்திருந்த இன்னொரு கணினியிடம் காதைக் கொடுத்தாள். ஒன்றும் கேட்கவில்லை. எப்படிக் கேட்கும்? அவள் வாசலுக்கு வருமுன்பே குரல் வந்து சேர்ந்து, வரவேற்க ஆளில்லாமல் போய்விட்டது. கணினி படித்த பெண்தான். ஆனாலும் குரலை ஓட்டத்தில் முந்திவிடலாம் என்று அந்த நேரத்தில் நம்பியிருக்கிறாள்.

பிறகு புத்தி வந்து, அம்மாவை வாசலில் நிற்க வைத்துவிட்டு உள்ளே போய் மறுபடியும் எண்ணினாள்.

"கேக்குது கேக்குது" என்றாள் அம்மா நாகலெட்சுமி. கொழுந்துக் கூடையைக்கூட இன்னும் இறக்கி வைக்கவில்லை. "ஏன்டி, நீ உள்ளுக்க பேசுறது எனக்குச் சும்மாவே கேக்குமே. இதுக்கு என்னாத்துக்கு ரெண்டு பொட்டி?"

வினோதா திரையில் ஓடிய எழுத்துகளைப் பார்த்தபடி நின்றாள். குரல் எந்த வழியாகப் போய் வந்தது என்று அதில் எழுதியிருந்தது. சிங்கப்பூர். அவள் சொன்ன 'மூணு' துண்டு துண்டாக நறுக்கப்பட்டு, மலையிறங்கி, கொழும்பு தாண்டி, கடலுக்கடியில் கிடக்கும் கம்பிக்குள் புகுந்து, சிங்கப்பூரில் ஏதோ ஒரு குளிரூட்டிய அறையைத் தொட்டு, திரும்பக் கடல் தாண்டி, மலையேறி, எட்டு அடி தள்ளி நின்ற அம்மாவின் காதில் மறுபடியும் 'மூணு' ஆகியிருக்கிறது. கண் சிமிட்டும் நேரத்துக்குள். கை மயிரெல்லாம் குத்திட்டு நின்றது அவளுக்கு.

இதை அவள் முழுக்கத் தானே செய்துவிடவில்லை. குரலைச் சுமந்து போகும் பாரத்தை எடுத்துக்கொள்ள, யாரோ எழுதி வைத்த லைப்ரரி ஒன்று இருக்கிறது. தேவையான நிரல்களை மொத்தமாகக் கட்டிப் போட்ட மூட்டை அது. அதைத் தன் செயலிக்குள் இறக்கிக்கொள்ள வேண்டும். குரல் போய் வரும் சேனல் ஒன்றுக்குப் பெயர் வைக்க வேண்டும். உள்ளே வருகிறவர் உரிய ஆள்தான் என்று காட்ட ஒரு டோக்கன் வாங்கிக் கொடுக்க வேண்டும். மைக்கைத் திறந்துவிட்டுச் சேர்ந்துகொள்ள வேண்டும். 'தொடங்குவது எப்படி' என்ற வழிகாட்டியில் இவ்வளவுதான் இருந்தது, ஏதோ ரொட்டி சுடுகிற காரியம்போல. அதற்கே முழுதாக ஒரு வாரம் தலைகீழாக நின்றுவிட்டாள். டோக்கன் காலாவதி ஆனது. மைக் இல்லை என்று கணினி சாதித்தது. ஒருநாள் முழுக்க அவளுடைய குரல் அவளுக்கே திரும்பி வந்து கழுத்தறுத்தது.

ஹட்டனில் அவள் வேலை செய்யும் சின்னக் கணினி நிறுவனத்தில் எல்லோரும் கேலி பண்ணினார்கள். பேசுவதற்கு ஆயிரம் வழி இருக்கும்போது நீ எதற்குப் புதிதாக ஒன்று கட்டுகிறாய் என்றார்கள். எதிர்மலையைப் பார்த்திருந்தால் கேட்டிருக்க மாட்டார்கள்.

போன கார்த்திகை மழையில் அவர்களுடைய மலைக்கும் எதிர்மலைக்கும் நடுவே இருந்த சரிவு பெயர்ந்து, குறுக்குப் பாதையை அப்படியே அள்ளி ஆற்றில் கொட்டியது. சுற்றிப் போகும் ரோட்டிலும் பாலம் உட்கார்ந்துவிட்டது. எதிர்மலைக்குச் சிக்னல் கொடுத்த கோபுரம் சரிந்து, அங்கிருந்த கைப்பேசிகளெல்லாம் டார்ச் லைட்டுகளாகிவிட்டன. அங்கே மிஞ்சியது பள்ளிக்கூடத்துக் கணினி ஒன்றும், நிவாரணத்துக்கு வந்தவர்கள் அதன் கூரையில் பொருத்திவிட்டுப் போன இணையத் தட்டும்தான். பள்ளிக்கூடத்தை விட்டு அசையாமல் இருந்த வாத்தியார் மகாலிங்கம் சேர் யாழ்ப்பாணத்துக்காரர். அவருடைய கைப்பேசியும் அன்றைக்கே மண்ணோடு போய்விட்டது. மின்னஞ்சல் மட்டும் பார்ப்பார். கணக்கு, கடவுச்சொல் என்று எதுவும் இல்லாமல், யார் வந்தாலும் அமுக்கிப் பேச ஒரே ஒரு பொத்தான் வேண்டும் என்று அவர்தான் எழுதிக் கேட்டிருந்தார். அமுக்கினால் அடுத்த மலை. அவ்வளவுதான்.

அந்தப் பொத்தானை மற்ற எல்லோரையும்விட அவசரமாகத் தேடியவள் நாகலெட்சுமி. அவளுடைய ஒரே அக்கா செல்வமலர் எதிர்மலையில், தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் இருக்கிறாள். புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டான், பிள்ளை குட்டி இல்லை. அவளுடைய காம்பராச் சுவரில் கை நுழையும் அளவுக்கு வெடிப்பு. அடுத்த பெருமழைக்கு அந்த லயம் நிற்காது என்று வந்து பார்த்தவர்கள் சொல்லிவிட்டார்கள். உடப்புசல்லாவைப் பக்கம் புது வீடுகள் தயார். ஞாயிற்றுக்கிழமை, இந்தப் பக்கத்திலிருந்து போய்ச் சேர முடியாத பின்பக்க ரோட்டால் லொறிகள் வந்து எல்லோரையும் ஏற்றிப் போகின்றன. எல்லோரும் சம்மதித்துவிட்டார்கள், செல்வமலரைத் தவிர.

அவளை வழிக்குக் கொண்டுவர, வந்து பார்த்தவர்களில் ஒருவர், "உங்கள் தங்கச்சியும் போகச் சொல்லிவிட்டார்" என்று பொய்யாக எடுத்து விட்டிருக்கிறார். "அப்புடியாங்க? எந்த வழியாப் போயிப் பாத்தீங்க?" என்று செல்வமலர் கேட்க, மனிதர் திருதிருவென்று விழித்திருக்கிறார். அன்றோடு சரி. அடுத்தவர் வாய்வழியாக வரும் எந்தச் சொல்லையும் அவள் நம்பத் தயாராக இல்லை. "நாகு அவ வாயால சொல்லட்டும், பொறகு பார்ப்போம்" என்று உட்கார்ந்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை பிற்பகல் மழை தகரக் கூரையைப் போட்டுச் சாத்திக்கொண்டிருந்தது. ஜன்னலை அடைத்துவிட்டு அம்மாவைக் கணினிக்கு முன்னால் உட்கார வைத்தாள் வினோதா. கல்யாண வீட்டுக்குப் போகிறவள்போல அம்மா முகம் கழுவி, பவுடர் போட்டு, முகம் துடைக்கக் கைலேஞ்சியைக் கையில் வைத்திருந்தாள்.

பொத்தானை அமுக்கியதும் மகாலிங்கம் சேருடைய குரல் பளிச்சென்று வந்தது. "பிள்ளை, வடிவாக் கேக்குது! இஞ்ச செல்வமலர் அக்கா எனக்குப் பக்கத்திலதான் இருக்கிறா. நான் தள்ளி நிக்கிறன், நீங்கள் கதையுங்கோ."

நாகலெட்சுமி மூச்சை இழுத்தாள். ஹலோ சொல்வாள் என்று வினோதா எதிர்பார்த்தாள். அம்மா சொல்லவில்லை. கையை வாய்க்குப் பக்கத்தில் குவித்து, "கூ...ஊ...ஊ..." என்று காம்பரா அதிர ஒரு குரல் கொடுத்தாள். கொடுத்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

வினோதாவுக்கு அது புதிதல்ல. பறித்த கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்ததும் அம்மா தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் நின்று எதிர்மலையைப் பார்த்து இப்படித்தான் கூவுவாள். அங்கிருந்து பெரியம்மா கூவுவாள். சொற்கள் அவ்வளவு தூரம் போகாது. கூவல் போகும். நான் இருக்கிறேன், நீயும் இருக்கிறாயா என்பது மட்டும்தான் அதில் உண்டு. பதில் கூவல் வந்த பிறகுதான் அம்மா அடுப்பைப் பற்ற வைப்பாள். இந்த மழை பிடித்த வாரங்களில் கூவலும் போய்ச் சேரவில்லை.

ஸ்பீக்கரிலிருந்து ஏதோ சின்னதாகச் செருமியதுபோல ஒன்று கேட்டது. பிறகு எதுவும் இல்லை.

அம்மா மறுபடி கூவினாள். காத்திருந்தாள். எதிர்ப்பக்கம் நிசப்தம். மூன்றாவது முறை கூவும்போது அவளுடைய குரல் நடுவில் உடைந்தது.

"பேசுங்கம்மா, சும்மா பேசுங்க!" என்று மைக்கை அடைத்துவிட்டு வினோதா பதறினாள்.

"அக்கா பதில் குடுக்கலையே புள்ள. பதில் வராம யாருகிட்டப் பேசுறது?"

கொஞ்ச நேரத்தில் மகாலிங்கம் சேருடைய குரல் வந்தது. "என்ன பிள்ளை, அம்மா வரேல்லையோ? செல்வமலர் அக்கா கனநேரம் பாத்துக்கொண்டு இருந்தவா. இதில ஒருத்தரும் இல்லை எண்டு எழும்பி வந்து என்னட்டைச் சொல்லிப்போட்டுப் போயிட்டா."

வினோதா மைக்கைத் திறந்தாள். "அம்மா இங்கதான் சேர் இருக்காங்க! மூணு தரம் கூவினாங்களே!"

"ஒண்டும் கேக்கேல்லையே. அவவும் இஞ்ச இருந்து கூவினவா. நான் காதைப் பொத்திக்கொண்டு நிண்டனான். அங்க கேக்கேல்லையோ?"

சேர் பேசினால் கேட்கிறது. அவள் பேசினால் அவருக்குக் கேட்கிறது. இரண்டு சகோதரிகளின் குரல் மட்டும் நடுவழியில் காணாமல் போகிறது. சிங்கப்பூரில் யாராவது பிடித்து வைத்துக்கொண்டார்களா என்ன?

நாகலெட்சுமி கைலேஞ்சியால் பவுடரையும் கண்ணையும் சேர்த்துத் துடைத்தாள். "அக்காவுக்கு எம்மேல கோவம்டி. அந்த மண்ணு வந்த அன்னைக்கு நான் போகலைன்னு கோவம். கேட்டுக்கிட்டே வாயத் தொறக்காம இருந்திருக்கு."

"பாதையே இல்லம்மா, எப்படிப் போயிருப்பீங்க?"

"அது எனக்குத் தெரியும். அக்காவுக்குத் தெரியணுமே" என்று சொல்லிவிட்டு அம்மா எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள்.

ஏன்தான் இந்த வேலையில் கைவைத்தோம் என்றிருந்தது வினோதாவுக்கு. இல்லாத கோபத்தை உண்டாக்கி இரண்டு மலைக்கும் அனுப்பி வைத்தாயிற்று. ஞாயிற்றுக்கிழமை லொறி பெரியம்மாவை விட்டுவிட்டுப் போனால், அதற்குப் பிறகு பெய்கிற ஒவ்வொரு மழைக்கும் இந்த வீட்டில் யார் தூங்குவது? அழுகையை அடக்கிக்கொண்டு, வழிகாட்டியை மறுபடி முதல் வரியிலிருந்து படித்தாள். இதுவரை அவசரத்தில் தாண்டிப் போன ஒரு பத்தி இந்த முறை கண்ணில் பட்டது.

அந்த லைப்ரரி, யாரும் கேட்காமலேயே, இரைச்சலை வடிகட்டிவிட்டுத்தான் குரலை அனுப்புமாம். மின்விசிறி, இயந்திரம், மழை என்று ஏற்ற இறக்கம் இல்லாமல் ஒரே சீராக நீண்டு போகும் ஓசை எதுவானாலும் இரைச்சல் என்று முடிவு கட்டி அழித்துவிடும். மனிதப் பேச்சு விட்டு விட்டு வரும், ஏறும், இறங்கும். அதை மட்டும் விட்டு வைக்கும்.

வினோதா நாற்காலியில் ஆணி அடித்தாற்போல் இருந்தாள். தகரத்தில் அடித்த இவ்வளவு பெரிய மழையில் ஒரு துளிகூடச் சேருக்குக் கேட்கவில்லை. அதைத்தான் அவர் 'வடிவாக் கேக்குது' என்று மெச்சியிருக்கிறார். என்ன கெட்டிக்காரத்தனம்! பெய்கிற மழையைப் பேச்சிலிருந்து பிரித்தெடுக்கிற அறிவு! அத்தனை அறிவும் சேர்ந்து, அம்மாவின் கூவலை மழைக் கணக்கில் எழுதிவிட்டது. ஒரே மூச்சில், ஒரே சுருதியில், இழைபோல நீண்டு போகும் குரல். பள்ளத்தாக்கைத் தாண்ட வேண்டுமென்றால் அப்படித்தான் கூவ வேண்டும். இதை எழுதினவர் எந்த ஊர்க்காரரோ, அவருக்கு எதிர்மலையில் ஒரு அக்கா இருந்திருக்க மாட்டாள்.

திருத்துவதற்கு ஒரே ஒரு வரி போதுமாக இருந்தது. வடிகட்டாதே. வரும் ஓசையை வந்தபடியே அனுப்பு. புதிய பிரதியைச் சேருக்கு அனுப்பி, காலையில் எப்படியாவது பெரியம்மாவைக் கூட்டி வரும்படி கெஞ்சி எழுதினாள்.

பிறகு அடுப்படிக்குப் போய், "அம்மா, நாளைக்கு அவங்க வந்தா, கூவாம ஹலோன்னு ஆரம்பிச்சாலும் பரவாயில்ல" என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள். வரி பலிக்காமல் போனால் என்ன செய்வது என்ற பயம்தான்.

"ஹலோவா? கொழும்புல இருக்க ஒங்கப்பாவுக்குச் சொல்லலாம் ஹலோ. அக்காவுக்கு எதுக்கு ஹலோ? பொட்டிக்குள்ள இருந்து ஹலோன்னா, அது நாந்தான்னு அக்கா எப்புடி நம்பும்?"

வினோதாவுக்கு அது உறைத்தது. சேனலுக்குள் நுழையும் கணினியிடம் ஆள் அடையாளம் காட்ட டோக்கன் கேட்கிறோம். நாற்பது வருடமாக அம்மாவும் பெரியம்மாவும் அதையேதான் ஒருவரிடம் ஒருவர் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

சனிக்கிழமை வெளுத்தபோது மழை விட்டிருந்தது. மூடுபனி ஆற்றிலிருந்து எழுந்து, மலைகளின் நெஞ்சுவரை நின்று, மெல்லக் கலைந்தது. எதிர்மலைப் பள்ளிக்கூடத்தின் நீலக் கூரை தெரிந்தது. அடைத்த காம்பராவுக்குள் புழுங்கிக்கொண்டு பேச அம்மாவுக்கு மனமில்லை. ஜன்னலை விரியத் திறந்துவிட்டு, அதன் பக்கத்திலேயே ஸ்டூலை இழுத்துப் போடச் சொன்னாள்.

"அக்கா வந்திருக்கிறா" என்றார் மகாலிங்கம் சேர். குரலைத் தாழ்த்தி, "லேசில வரமாட்டன் எண்டவா. கையப் பிடிச்சு இழுக்காத குறை" என்றார்.

அம்மா கையைக் குவித்தாள். வினோதா கண்ணை மூடிக்கொண்டாள்.

"கூ...ஊ...ஊ..."

ஒரு கணம் எதுவும் இல்லை. பிறகு ஸ்பீக்கருக்குள் யாரோ நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்த ஓசை. அதன் பின்னால், கரகரப்போடு, வயதான, பெரிய, முழுக் குரல். "கூ...ஊ...ஊ..."

நாகலெட்சுமி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். அந்தக் குரல் ஸ்பீக்கரில் ஓய்ந்தது. அம்மா பேசுவதற்கு வாயைத் திறந்தாள். அப்போது, திறந்திருந்த ஜன்னல் வழியாக, பள்ளத்தாக்கின் ஈரக் காற்றில் ஏறி, மெலிந்து, அதே கூவல் மறுபடி வந்தது.

அம்மாவும் மகளும் அப்படியே நின்றுவிட்டார்கள்.

வினோதாவுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. கணக்குப் போட்டால் தெரிகிற விஷயம்தான். ஆனால் கணக்குப் போட்டு அறிவது வேறு, காதால் கேட்பது வேறு. ஒரே குரல், ஒரே வாயிலிருந்து ஒரே நேரத்தில் புறப்பட்டது. வானத்துக்கு ஏறி, கடல் கடந்து, சிங்கப்பூரைத் தொட்டுத் திரும்பியது முதலில் வந்துவிட்டது. நேரே எதிரில் இருந்து, பள்ளத்தாக்கை மட்டும் தாண்டி வந்தது பிந்திவிட்டது. அப்படியானால் எது தூரம், எது பக்கம்? பிறந்ததிலிருந்து பார்த்து வந்த எதிர்மலை அன்றைக்கு முதல்முறையாகத் தன் உயரம் முழுவதையும் காட்டி நிற்பதுபோல அவளுக்குப் பட்டது. கும்பிட வேண்டும்போல் இருந்தது. மலையையா, கணினியையா, இரண்டு பொம்பளைகளின் தொண்டையையா என்று தெரியவில்லை.

"நாகு!" என்றாள் செல்வமலர் ஸ்பீக்கருக்குள். "நீ ரெண்டு தரம் கூவினியாடி?"

"ஒரு தரம்தான்க்கா. எனக்கும் ரெண்டாத்தான் கேட்டுச்சு."

"அடியாத்தே!" என்று செல்வமலர் சிரித்தாள். சிரிப்பு நிற்காமல் நீண்டு, எங்கேயோ அழுகையாகிப் போனது. "நேத்து ஏன்டி பேசல?"

"நீதான்க்கா பேசல."

"நான் தொண்ட கிழியக் கூவுனேன். இந்த வாத்தியாரக் கேட்டுப் பாரு."

"நானும்தான்க்கா. கோவமில்லையே எம்மேல?"

"பாதையே இல்லாத எடத்துல நீ பறந்தா வருவ? கிறுக்கி."

நாகலெட்சுமி அழுது முடிக்கும்வரை எதிர்ப்பக்கம் பொறுமையாக இருந்தது. பிறகு செல்வமலரே கேட்டாள். "சொல்லு. போகவா, இருக்கவா? நீ சொல்றதுதான்."

இவ்வளவு நாளும் இதைச் சொல்வதற்குத்தானே அம்மா தவித்தாள். இப்போதோ ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். எதிர்மலையில் கோடு போட்டதுபோல லயம் தெரிந்தது. பொழுது சாய்கையில் கூவினால் பதில் தரும் இடம் அது ஒன்றுதான்.

"போயிரு அக்கா" என்றாள் கடைசியில்.

"ஒடப்புசல்லாவைக்குப் போயிட்டா, நீ கூவுறது எனக்குக் கேக்காதே நாகு."

அம்மா வினோதாவைத் திரும்பிப் பார்த்தாள். வினோதா தலையாட்டினாள். "அங்க சிக்னல் இருக்கு பெரியம்மா. இது மாதிரி ஒண்ணு அங்கயும் வச்சுத் தாரேன். கூவினாக் கேக்கும்."

"மொதல்ல வர்றது கேக்கும். பின்னால, ஜன்னலால வந்துச்சே, அது?"

இந்த ஒன்றுக்கு வினோதாவின் லைப்ரரியில் வரி கிடையாது. "அது கேக்காது பெரியம்மா" என்று உண்மையைச் சொன்னாள்.

வடிகட்டி இல்லாததால் எதிர்மலைப் பள்ளிக்கூடத்துக் கூரையிலிருந்து தண்ணீர் சொட்டுவதுகூடக் கேட்டது.

"பின்னால வர்றது எனக்கு வேணாம்க்கா" என்றாள் நாகலெட்சுமி. "நீ இருந்தாப் போதும்."

செல்வமலர் மூக்கை உறிஞ்சினாள். "சரி" என்றாள். பிறகு சேர் பக்கம் திரும்பி, "சேர், லொறியில என் ஆட்டையும் ஏத்துவாங்களான்னு கேட்டுச் சொல்லுங்க" என்றாள்.

வினோதா அழைப்பை முடிக்கும் பொத்தானுக்கு விரலைக் கொண்டுபோனாள். அம்மா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இருடி" என்றாள். "நாளைக்குத்தானே லொறி."